தவாரிஸ் தாமதம்

மர்செலியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது ஐஸ் பேக்டரிக்கு எதிரே, தூத்துக்குடி போகும் காலை பஸ் வந்து நின்ற இடத்தில். ஒரு கையில் துணிப்பை, மறு கையில் மகனின் விரல்கள். என் மனைவி ரெஜினாளின் கூடப்பிறந்த அண்ணன் ரெமிஜியஸின் பெண்டாட்டி அவள். எனக்குத் தங்கை முறை. நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அண்ணே, படி உசரமா இருக்கு. இவனைக் கொஞ்சம் தூக்கி விடுங்க" என்றாள்.

தூக்கிவிட்டேன். அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை, அது ஊருக்கே தெரியும். எப்போது வருவாய் என்றும் கேட்கவில்லை, அதுவும் தெரியும். பஸ் புறப்பட்டுப் போயிற்று. அவளுடைய நிழல் மட்டும், மாதாவுக்கான ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லி முடிக்கும் நேரம், வழக்கம்போல ரோட்டோரத்தில் நின்றது. சிறு பிள்ளையைப் பிடித்திருப்பதுபோல் கையைத் தாழ்த்தி நின்றது. ஆனால் அந்தக் கையின் முனையில் பிள்ளையின் நிழல் இல்லை. அது அவனோடு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டிருந்தது. பிறகு அவள் நிழலும் மணலில் இருந்து எழுந்ததுபோல் அசைந்து, வடக்கே பஸ் போன வழியில் ஓடி மறைந்தது.

அந்த நிழல்களைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும்.

எங்கள் ஊர் சங்குமுனை. கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவில் ஒரு மாதா கோவில், ஒரு ஐஸ் பேக்டரி, மணல் மூடிய சில தெருக்கள். மற்ற ஊர்க்காரர்கள் தகப்பன் பெயரின் முதல் எழுத்தைத் தங்கள் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்வார்கள். எங்களுக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வால் உண்டு. நானூறு வருடத்துக்கு முன்னால் கப்பலில் வந்த போர்த்துக்கீசியர்கள் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்று, வரிசையில் வந்தவர்களுக்குத் தங்கள் பெயர்களைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு கூட்டம் மச்சாது ஆனது, ஒரு கூட்டம் கொரேரா, ஒரு கூட்டம் வாஸ், ஒரு கூட்டம் தவாரிஸ். நான் மச்சாது. ரெஜினாள் பிறந்தது தவாரிஸ் வீட்டில். இன்றும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் முடிந்ததும் கோவில் வாசலுக்குத் தூக்கி வந்து, உபதேசியார் அதன் முழுப் பெயரையும் வாலோடு சேர்த்து உரக்கக் கூப்பிடுவார். வாசலில் நிற்கும் ஊர் முழுவதும் அதைத் திருப்பிச் சொல்லும். பேர் கூப்பிடுதல் என்று அதற்குப் பெயர். அது வேதத்தில் எழுதியிருப்பது அல்ல, எங்கள் வழக்கம்.

பள்ளிக்கூடத்துக்குப் புதுப் பாடப்புத்தகம் வந்த வருடம், நாசரேத்திலிருந்து வந்திருந்த எபனேசர் வாத்தியார் ஒளியைப் பற்றிய பாடத்தில் ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார். ஏதோ ஒரு குளிர்நாட்டில் தவாரிஸ் என்ற பெயர்கொண்ட ஒருவர், ஒருவகைக் கல்லுக்குள் புகுந்த வெளிச்சம் வெளியே வரச் சற்றுப் பிந்துவதைக் கண்டுபிடித்திருந்தார். அதற்குத் தவாரிஸ் தாமதம் என்று பெயர். அதை அளக்கும் எண்ணுக்குத் தவாரிஸ் எண். அவர் இறந்தபின் தென்கோடிக் கடலில் மனிதர் இல்லாத ஒரு தீவுக்கும், சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் அவர் பெயரை வைத்திருந்தார்கள். பக்கத்தின் மூலையில் தபால்தலை அளவுக்கு அவர் படமும் இருந்தது.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் அந்தப் படம் கிழிக்கப்பட்டு, கண்ணாடி போடப்பட்டு, கஸ்பார் தவாரிஸின் வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்கியது. கஸ்பார் அந்தக் கூட்டத்தின் மூத்தவர்; ரெமிஜியஸுக்கும் என் மனைவிக்கும் பெரியப்பா. கரையில் மீன் ஏலத்துக்கு வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார்.

"மூக்கைப் பாருங்கய்யா. எங்க அப்பா மூக்கு."

"தாடி இருக்கே பெரியவரே. உங்க வம்சத்துல யாருக்குத் தாடி மொளச்சிச்சு?"

"படிச்சவனுக்கு மொளைக்கும்ல. சந்திரன்ல எங்களுக்கு ஒரு பள்ளம் இருக்கு, தெரியுமா?"

"இருக்கட்டும். கால் இடறாமப் பாத்துப் போங்க."

சிரித்தார்கள். ஆனால் மச்சாதுகளின் சிரிப்பில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் இருந்தது. எங்கள் பெயரில் ஒரு குட்டைகூட உலகத்தில் இல்லை.

அந்த வருடத் திருவிழாக் கொடி இறங்கிய வாரத்தில், தவாரிஸ் வீட்டு ஆட்களின் நிழல்கள் பிந்தத் தொடங்கின. எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மழை ஏன் ஐப்பசியில் பெய்கிறது என்றும் நாங்கள் கேட்டதில்லை. ஆள் நடந்துபோனால் நிழல் அங்கேயே நின்றுகொண்டிருக்கும், ஒரு அருள் நிறை மந்திரத்தின் நேரம் கழித்து அவன் போன வழியே அவன் போனபடியே போகும், அவன் குனிந்த இடத்தில் குனியும், துப்பிய இடத்தில் துப்பும். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் எங்கள் பங்குச் சாமியார் ஞானாதிக்கம் வந்து தீர்த்தம் தெளித்தார், அதற்கும் அடுத்த வாரம் ஏலக்காரர் லாசர், தவாரிஸ் ஒருவன் கை தூக்கிக் கேட்ட விலையை அவன் நிழலும் பிந்திக் கை தூக்கிக் கேட்டால் அது தனி ஏலம் ஆகாது என்று கரையில் நின்று விதி சொன்னார், அதோடு பயம் போய்விட்டது. பூசை முடிந்ததும் தவாரிஸ் குடும்பத்தார் எழுந்து போன இடத்தில் அவர்களுடைய நிழல்கள் இன்னும் முழந்தாளில் இருக்கும், அவை எழுந்து சிலுவை போட்டுக்கொண்டு போகும்வரை மற்றவர்கள் மரியாதைக்குக் காத்திருப்பார்கள். சாராயக் கடையிலிருந்து புருஷன் நல்ல பிள்ளையாக வீடு வந்து சேர்ந்தபிறகு அவன் நிழல் பின்னால் தள்ளாடிக்கொண்டு வருவதைப் பெண்டாட்டிகள் வாசலில் நின்று பார்த்துவிட்டு விளக்குமாற்றை எடுப்பார்கள். அவர்கள் தெருவுக்கும் தவாரிஸ் தெரு என்றுதான் பெயர். வெயில் திரும்பினாலும் அந்தத் தெரு வீடுகளின் நிழல் சற்று நேரம் திரும்பாது, அதனால் ஐஸ் குச்சி விற்பவன் அங்கேதான் வண்டியை நிறுத்தினான்.

இதெல்லாம் ரத்தம் என்று கஸ்பார் சொன்னார், நாங்களும் நம்பினோம். கல்லுக்குள் வெளிச்சத்தைப் பிந்த வைத்த பெரியவரின் ரத்தம் அவர்கள் உடம்பில் ஓடுகிறது, அதுதான் நிழலைப் பிடித்து இழுக்கிறது. ஆளில்லாத தீவுக்கு ரத்தம் ஏது, சந்திரனில் உள்ள பள்ளத்துக்கு ரத்தம் ஏது, சுண்ணாம்பு பூசிய தெருவுக்கு ரத்தம் ஏது என்று யாரும் யோசிக்கவில்லை. கொரேரா வீட்டிலிருந்து வந்த மர்செலி ரெமிஜியஸைக் கட்டிய சில மாதத்தில் அவள் நிழலும் பிந்தியது. தவாரிஸ் வீட்டிலிருந்து வந்த ரெஜினாள் என்னைக் கட்டிய சில மாதத்தில் அவள் நிழல் அவளோடு சேர்ந்துகொண்டது. அதற்கும் பதில் தயாராக இருந்தது.

"கலியாணம் ஆனா ரெண்டு பேரும் ஒரே உடல்னு வேதமே சொல்லுது. ரத்தம் கலந்திரும்" என்றார் கஸ்பார். சாமியார் மறுக்கவில்லை. வேதத்தை ஆதாரம் காட்டும் கிழவரை எந்தச் சாமியார் மறுப்பார்?

பிறகு பெண் பார்க்க வருகிறவர்கள் மாப்பிள்ளையை வெயிலில் நடக்கவிட்டுப் பார்க்கத் தொடங்கினார்கள். திருவிழாச் சப்பரத்தின் முன்தண்டைத் தூக்கும் உரிமை தவாரிஸ் ஆண்களுக்கு என்று ஆயிற்று. உவரியில் ஒருவன், வேம்பாரில் ஒருவன், எங்களுக்கும் நிழல் பிந்துகிறது, நாங்களும் உங்கள் ரத்தம்தான் என்று தேங்காய் பழத்தோடு வந்து இறங்கினார்கள். அவர்களுக்கெல்லாம் கஸ்பார் வீட்டில் சாப்பாடு.

மர்செலிக்குப் பல வருடம் பிள்ளை இல்லை. பிறந்தபோது மழைக்காலம், ரெமிஜியஸ் மலையாளக் கரையில் சீசனுக்குப் போயிருந்தான், பிள்ளை மாதம் நிறையாமலே வந்துவிட்டது. நீலமாக, சத்தமில்லாமல் வந்தது. சாமியாரோ பக்கத்து ஊரில் மழையில் மாட்டிக்கொண்டிருந்தார். எங்கள் வேதத்தில் சாகப்போகும் சிசுவுக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். மருத்துவச்சி சவேரியம்மாள் செம்புத் தண்ணீரை எடுத்து நெற்றியில் ஊற்றி, வாய்க்கு வந்த புனிதரின் பெயரைச் சொல்லி, "அந்தோணி, பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே" என்றாள். தண்ணீர் பட்டதும் அது அழுதது. பிழைத்துக்கொண்டது. ஞானஸ்நானத்தை இரண்டாம் முறை கொடுக்கக் கூடாது என்பதால், சாமியார் வந்து வீட்டிலேயே எண்ணெய் மட்டும் பூசிவிட்டுப் போனார். கோவில் வாசலில் பேர் கூப்பிடுவதைப் பற்றி மர்செலி கேட்டபோது, "நோஞ்சான் பிள்ளை. மழைக்காத்துல தூக்கிட்டு அலைய வேண்டாம். தேறட்டும், பாத்துக்கிடலாம்" என்றார் கஸ்பார். பிறகு வலைவேலை வந்தது, தவக்காலம் வந்தது, மறந்துபோனது. வீட்டில் அவனை ராசா என்று கூப்பிட்டார்கள்.

அவன் நடை பழகியது மாதா திருவிழாவில். சப்பரம் கரைக்கு வந்து நின்றிருந்தது, ஊர் முழுக்க மணலில் நின்றது, மர்செலி பெருமையாக அவனை இறக்கிவிட்டாள். கைதட்டிக் கூப்பிட்டார்கள். அவன் தள்ளாடி நடந்து, பிறகு ஓடினான். அவன் நிழலும் அவனோடு, அவன் பாதத்தை விடாமல், ஒரு இமைப்பொழுதுகூடப் பிந்தாமல் ஓடியது.

முதலில் கைதட்டல் நின்றது. பிறகு பேச்சு நின்றது. பேண்டு வாசித்தவர்கள் மட்டும் எதுவும் தெரியாமல் வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

"பத்து மாசத்தைப் பின்னால எண்ணிப் பாருங்க, ரெமிஜியஸு அப்ப மலையாளத்துலல்லா இருந்தான்" என்று ஒரு பெண் குரல், மெதுவாக, கணக்குப் போடும் குரலில் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று அன்றே எங்களுக்குத் தெரியும். பெயர் எழுத மனமில்லை. அவளுக்கும் பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ரெமிஜியஸ் மர்செலியை அடிக்கவில்லை. அடித்திருந்தால் யாராவது குறுக்கே போயிருப்பார்கள். அவன் தன் சாப்பாட்டுத் தட்டைச் சுவரின் மறுபக்கம் எடுத்து வைத்துக்கொண்டான். பிள்ளை காலைக் கட்டிக்கொண்டால் விலக்கிவிடுவான், கோபமில்லாமல், வழியில் கிடக்கும் கயிற்றை விலக்குவதுபோல. ஏலக்கரையில் அவனைப் பார்த்ததும் மற்றவர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவன் கடலிலிருந்து வருவதையே தாமதப்படுத்தத் தொடங்கினான். ரெஜினாள் அண்ணன் வீட்டுக்குப் போவதை விட்டுவிட்டாள். "நான் என்னத்தச் சொல்ல? நிழலை நானும்தானே பாத்தேன்" என்று என்னிடம் சொன்னாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போனபின், ஊர்க்கூட்டம் கோவில் மண்டபத்தில் நடந்தது. மர்செலி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆண்கள் பக்கத்துக்கு நேரே வந்து நின்றாள். முக்காடு போட்டிருந்தாள். குரல் நடுங்கவில்லை.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணினா, பண்ணுற மாதிரி காரியம் பண்ணிருக்கான்னுதான் சொல்லுவிய. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கேன். இவனுக்குக் கோவில் வாசல்ல பேர் கூப்பிடல. எல்லாப் பிள்ளைக்கும் கூப்பிட்ட மாதிரி ஒருக்கா கூப்பிடுங்க. அந்தோணி தவாரிஸ்னு ஊர் வாய் தெறந்து சொல்லட்டும். நான் அதோட ஒதுங்கிக்கிடுதேன்."

"எந்தப் பேரை?" என்றார் கஸ்பார்.

"அவன் அப்பன் பேரை."

"அவன் அப்பன் யாருன்னு வெயில்ல தெரிஞ்சு போச்சே, தாயி."

யாரோ சிரித்தார்கள். யாரோ இருமினார்கள். மர்செலி ரெமிஜியஸைப் பார்த்தாள். அவன் தூணைப் பார்த்தான். அவள் சாமியாரைப் பார்த்தாள். அவர், இது குடும்ப விஷயம், குடும்பத்தில் பேசி முடியுங்கள் என்றார். அவள் பெண்கள் பக்கம் திரும்பினாள். ரெஜினாள் கையிலிருந்த ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நானா கூப்பிட்டாப் பத்தாது. பத்துமுன்னா உங்ககிட்ட வந்து நிப்பனா?" என்று மர்செலி சொன்னாள். வெளியே போனாள். மண்டபத்து வாசலில் அவள் நிழல் மட்டும், பிள்ளையில்லாத இடுப்போடு, எங்களைப் பார்த்தபடி சற்று நேரம் நின்றது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு வெளியே போனோம். அந்த அளவுக்கு மரியாதை தெரிந்தவர்கள் நாங்கள்.

அந்த வாரம்தான் அவள் பஸ் ஏறினாள். தூத்துக்குடியில் இறால் உரிக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள் என்று மீன் லாரிக்காரர் பாக்கியம் வந்து சொன்னார். நல்லது என்றார்கள். ஊரில் நிம்மதி திரும்பியது என்றுதான் சொல்ல வேண்டும்.

அடுத்த சப்பரத்தின்போது முன்தண்டைப் பற்றிச் சண்டை வந்தது. எங்கள் மச்சாதுப் பையன்களில் ஜெரால்டு வாய்த்துடுக்கு மிகுந்தவன். தோளில் தண்டைத் தொட்டதற்குக் கஸ்பார் அவன் கையைத் தட்டிவிட்டார். மறுநாள் கரையில் திரிந்த செவலை நாய்க்கு ஜெரால்டு தவாரிஸ் என்று பேர் வைத்தான்.

"ஏ தவாரிஸு, வாடே, மீன் தலை தாரேன். உன் பள்ளம் சந்திரன்ல இருக்கு, இங்க என்ன தோண்டுத?"

கரையே உருண்டு சிரித்தது. எங்கள் ஆட்கள் மட்டுமல்ல, வாஸ் ஆட்கள், கொரேரா ஆட்கள், வலை இழுக்க வந்த வெளியூர் ஆட்கள் எல்லாரும் அந்த நாயை அப்படியே கூப்பிட்டார்கள். பெண்கள் அடுப்படியிலிருந்து எலும்பை வீசும்போது கூப்பிட்டார்கள். தவாரிஸ் வீட்டுச் சிறுசுகள்கூட வாய்தவறிக் கூப்பிட்டு அடி வாங்கின. பனிக்காலம் முடிந்து தவக்காலம் பிறந்தது. ஒரு காலை, ஏலம் நடந்துகொண்டிருக்கையில், நாய் ஒரு சூரை மீன் தலையைக் கவ்விக்கொண்டு ஓடியது. அது ஓடி, வள்ளங்களைத் தாண்டி, கண்ணுக்கு மறைந்துவிட்டது. அதன் நிழல் இன்னும் லாசரின் காலடியில் நின்று மீன் தலையை நக்கிக்கொண்டிருந்தது.

முதலில் பார்த்தவன் சிரித்தான். ஜெரால்டும் சிரித்தான். "பெரியவரே, ஓடியாங்க! உங்க சொந்தக்காரன் வந்திருக்கான்!"

கஸ்பார் வந்தார். நிழல் தலையைக் கவ்வி, வாலைச் சுருட்டி, நாய் போன வழியே மணலில் ஓடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அந்த நாயின் தாயைக் கரையில் எல்லாருக்கும் தெரியும். நாய்க்குத் தவாரிஸ் ரத்தம் என்று சொல்ல ஒரு வாயும் இல்லை. அப்போது ஏலம் கூறிக்கொண்டிருந்த லாசர் கூறுவதை நிறுத்தினார், ஏனென்றால் அவருக்கு விளங்கிவிட்டது. பக்கத்தில் நின்ற கூடைக்காரிக்கு விளங்கியது. வரிசையாக, காற்று மணலைத் தள்ளிக்கொண்டு போவதுபோல், அது கரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரைக்கும் போனது. ரத்தம் இல்லை. ஊர் வாய். தீவுக்கும் பள்ளத்துக்கும் தெருவுக்கும் நாய்க்கும் ஒன்றுதான் பொது: யாரோ அவற்றை அப்படிக் கூப்பிட்டார்கள். ஒரு பிள்ளையை மட்டும் கூப்பிடவில்லை. அவன் அம்மா வந்து, கூப்பிடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டபிறகும் கூப்பிடவில்லை.

கணக்குப் போட்ட அந்தப் பெண் கூடையைப் போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்தாள். ரெமிஜியஸ் வள்ளத்தின் மறுபக்கத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். அவன் எழுந்திருக்கவில்லை. ஊசி மட்டும் கையில் நின்றுவிட்டது. ஜெரால்டு, "நான் வெளையாட்டுக்கு..." என்றான். நாய்க்கு அன்றே மணி என்று பேர் மாற்றினார்கள். ஈஸ்டருக்கு முன்பே அதன் நிழல் அதனோடு சேர்ந்துவிட்டது. சந்தேகத்துக்கு இருந்த கடைசி இடமும் அதோடு போயிற்று.

உடனே போயிருக்க வேண்டும். தூத்துக்குடி என்ன, கடலுக்கு அப்பாலா? ஆனால் வெட்கம் எங்களைப் பிடித்திருந்தது, வெட்கப்படுகிறவன் முதல் ஆளாகப் போகமாட்டான். கஸ்பார்தான் கூட்டத்துக்கு மூத்தவர், அவர் போகட்டும் என்றார்கள். அவர், பாஸ்கா திருநாள் முடியட்டும், துக்க வாரத்தில் நல்ல காரியம் பேசக் கூடாது என்றார். சாமியார், குடும்பத்தார் முதலில் போய்வாருங்கள், நான் பின்னால் வருகிறேன் என்றார். ரெமிஜியஸிடம் நானே போய்க் கேட்டேன்.

"எந்த மூஞ்சிய வச்சிட்டு மச்சான் போக? கதவைத் தட்டி என்னன்னு கூப்பிட?"

"பேரைச் சொல்லிக் கூப்பிடு" என்றேன்.

அவன் முகத்தை மூடிக்கொண்டான்.

பெண்கள் ஒரு சேலை எடுக்க முடிவு செய்தார்கள், வெறுங்கையோடு போகலாமா என்று. பிறகு நிறம் பற்றித் தகராறு. பிறகு பிள்ளைக்கு ஒரு வெள்ளி அரைஞாண். தட்டார் ஊரில் இல்லை. ரெஜினாள் தினமும் காலையில், இன்றைக்குப் போகலாமா என்பாள், மாலையில், நாளைக்குப் போகலாம் என்பாள். தவாரிஸ் குடும்பத்தார் வெயிலில் நடப்பதைக் குறைத்தார்கள். நண்பகலில், நிழல் காலுக்குள் ஒடுங்கும் வேளையில் மட்டும், தலையைக் குனிந்துகொண்டு தெருவைக் கடந்தார்கள். பிந்துவது நிழல் மட்டும் என்று நினைத்திருந்தோம்.

கடைசியில் மாதாவின் வணக்க மாதமான மே பிறந்து, ரெமிஜியஸும் ரெஜினாளும் நானும் பஸ் ஏறினோம். சேலை ரெஜினாளின் மடியில் இருந்தது. பச்சை நிறம். இறால் கம்பெனிக்குப் பின்னால் ஓலை வேய்ந்த வரிசை வீடுகள், விசாரித்துப் போனோம். வாசலில் ஒரு பெண் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செல்லக்கனி என்று பேர், மர்செலியோடு ஒரே மேசையில் இறால் உரித்தவள்.

"நீங்க சங்குமுனையா?" என்றாள், எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு. "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?"

மர்செலி எங்கே என்று ரெஜினாள் கேட்டாள்.

"மஞ்சக்காமாலை. பெரியாஸ்பத்திரில கொஞ்ச நாள் கெடந்தா. போன மாசம் போய்ட்டா. பங்குக் கோவில்காரங்கதான் எடுத்துப் போட்டாங்க." முறத்தைக் கீழே வைத்தாள். "உங்க ஊர் நாய்க் கதை அவளுக்குத் தெரியும். லாரிக்கார அண்ணாச்சி வந்து சொன்னாரு. கேட்டுட்டு சிரிச்சா, சிரிச்சா, இறால் கூடையில விழுந்து சிரிச்சா. இனிமே வந்துருவாக அக்கான்னு சொல்லி, துணியெல்லாம் மடிச்சு பையில வச்சு, பையை இந்த வாசல்ல கொண்டாந்து வச்சா. ஒரு வாரத்துக்கு மேல அந்தப் பை இங்கேயேதான் இருந்துச்சு. நாங்கூட கேட்டேன், நீயே போனா என்னன்னு. அவக வந்துதான் கூப்பிடணும்னா. பெறகு ஒரு நாள் அவளே துணிய எடுத்துக் கொடியில போட்டுட்டா. நான் ஒண்ணும் கேக்கல."

ரெஜினாள் சேலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசை வீடுகளின் கோடியில் சில பிள்ளைகள் சைக்கிள் டயரை உருட்டிக்கொண்டு வந்தன. அதில் ஒருவன் ரெமிஜியஸின் நெற்றியோடும் காதோடும் இருந்தான். நிழல் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாத முகம். அந்த முகத்தை நாங்கள் மூன்று வருடம் ஊரில் வைத்துப் பார்த்திருக்கிறோம்.

ரெமிஜியஸ் தெருவின் நடுவில் போய் நின்றான். கோவில் வாசலில் உபதேசியார் நிற்பதுபோல் நிமிர்ந்து நின்றான். தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டான்.

"அந்தோணி தவாரிஸ்!"

நானும் ரெஜினாளும் திருப்பிச் சொன்னோம்.

பையன் டயரை உருட்டிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. ரெமிஜியஸ் இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டான். வீடுகளிலிருந்து பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரை அண்ணாச்சி கூப்பிடுதிய?" என்றாள் செல்லக்கனி. "அவன் ம. அந்தோணி. அம்மா பேரோட மொத எழுத்து. பால்வாடியில அவ அப்படித்தான் சொல்லிச் சேத்திருக்கா. எலே அந்தோணி, இங்க வா."

அவன் உடனே வந்தான். வந்து அவள் சேலைக்குப் பின்னால் நின்றுகொண்டு எங்களைப் பார்த்தான். ரெமிஜியஸ் முழந்தாளிட்டான். பிள்ளைக்கு நேராகக் கையை நீட்டினான், ஆனால் தொடவில்லை.

"எங்கூட வாறியா?"

"எங்க அம்மா வந்தப்பறம்" என்றான் பையன்.

செல்லக்கனி அவன் தலையைத் தடவினாள். "அவனுக்கு இன்னும் சொல்லல" என்றாள் எங்களிடம். "அவ என் கையில ஒப்படைச்சிட்டுப் போனா. உங்க கையில இல்ல. வேணுமின்னா வந்து பாத்துட்டுப் போங்க, நான் வேண்டாங்கல."

ரெமிஜியஸ் அதற்குப்பின் சாகும்வரை வாரம் தவறாமல் போய்வந்தான். நல்ல மீனாகப் பார்த்து ஓலைப்பையில் கொண்டுபோவான். பையன் அவனை மாமா என்று கூப்பிட்டான், செல்லக்கனி வீட்டுக்கு வந்துபோகிற எல்லா ஆண்களையும் கூப்பிட்டதுபோல. ரெமிஜியஸ் திருத்தவில்லை. பையன் பெரியவனானபிறகு சங்குமுனையிலிருந்து கஸ்பாரின் மகன் போய், கோவில் வாசலில் பேர் கூப்பிட்டுவிடலாம், ஊர் முழுக்கக் காத்திருக்கிறது என்று சொன்னான். "எனக்கு ஒரு பேர் இருக்கு அண்ணே" என்று அவன் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். அவன் இப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான்.

தவாரிஸ் குடும்பங்கள் ஒவ்வொன்றாக அந்தப் பெயரைப் போடுவதை விட்டுவிட்டன. யாரும் தீர்மானம் போடவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கையில் மற்ற ஊர்க்காரர்கள்போல் முதலெழுத்தைச் சொன்னார்கள். ஊரும் வாய் தவறியும் அப்படிக் கூப்பிடாமல் பழகிக்கொண்டது. சில வருடத்தில் நிழல்களெல்லாம் ஆட்களோடு வந்து சேர்ந்துவிட்டன. இன்றைய பையன்களிடம் சொன்னால், தாத்தா வெயிலில் அதிகம் நின்றிருக்கிறார் என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் அந்தப் பாடம் இன்னும் இருக்கிறது. படம் மட்டும் கொஞ்சம் பெரிதாகி, கலரில் வந்திருக்கிறது.

ரெஜினாள் ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தூத்துக்குடிக்குப் போய் மர்செலியின் குழியில் மெழுகுவர்த்தி ஏற்றி வந்தாள். அங்கே சிலுவையும் இல்லை, கல்லும் இல்லை. வேலியிலிருந்து எண்ணி இடத்தைக் கண்டுபிடிப்பாள். அவள் காலமானபிறகு நான் போகிறேன். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இடம் குறைவு. காசு கட்டி வாங்காத குழிகளைச் சில வருடத்துக்கு ஒருமுறை மறுபடி தோண்டி அடுத்தவருக்குக் கொடுக்கிறார்கள், கிடைக்கும் எலும்புகளைத் தெற்கு மூலையில் உள்ள கிணற்றில் போடுகிறார்கள். மர்செலியுடையதும் அங்கேதான், மற்றவர்களுடையதோடு இருக்கிறது. கிணற்றுக்குச் சிமெண்டு மூடி போட்டிருக்கிறார்கள். அதில் எந்தப் பெயரும் எழுதவில்லை.